மூன்றாவது கும்பா

அந்தத் திங்கட்கிழமை விடியற்காலையில் வெள்ளப்பாத்திக் கொட்டகையில் இருந்தவர்கள்: கையில் கரண்டியோடு தவசிலிங்கம், சாக்குமூட்டை மேல் உட்கார்ந்து தன் விரல்களைத் தானே ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஆவுடைக்கனி, பக்கத்து வீட்டு லூர்தம்மாள், அவள் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்த மாமனார் சூசைமிக்கேல், குடியிருப்புத் தலைவர் பிச்சைக்கண்ணு, வாயை மூடத் தெரியாத சுயம்பு, தலையில் உப்புப் பெட்டி சுமக்கிற பெண்கள் ஏழு பேர், பாத்தியில் உப்பு வாருகிற ஆண்கள் மூன்று பேர், வழி கேட்க வந்து பசியோடு நின்ற வெளியூர் லாரி டிரைவர் ஒருவர், இன்னும் பெயர் வைக்காத கைக்குழந்தை ஒன்று. மொத்தம் பதினெட்டு. சுயம்புவின் வெள்ளாடும் நின்றது. அதைத் தவசிலிங்கம் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

வெள்ளப்பாத்தி கடலோரத்து உப்பளக் குடியிருப்பு. இருபத்திரண்டு வீடு, குடிக்கிற வாய் அறுபத்து மூன்று. வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்றியாக வேண்டும் என்பதால் விடிகாலையில் அங்கே எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. அதற்காகத்தான் பொதுப்பானை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு ஒருவர் மீந்த சோற்றைக் கொண்டுவந்து கொட்டகையில் இருக்கிற பெரிய மண்பானையில் போடுவார்கள். போடும்போது பானைக்குள் குனிந்து, நாளைக்குத் தங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று சத்தமாகச் சொல்வார்கள். ஏன் குனிந்து சொல்ல வேண்டும் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கடற்காற்று சொல்லை அள்ளிக்கொண்டு போய்விடாமல் இருக்க எந்தக் காலத்திலோ யாரோ ஒருத்தி அப்படித் தொடங்கியிருப்பாள். சொல்லச் சொல்லத் தவசிலிங்கம் ஆளுக்கு ஒரு சிப்பியாக இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு மாற்றுவார். பிறகு சிப்பிக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, பானையை மூடி, மூடிமேல் கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். விடிந்தால் ஆளுக்கு ஒரு கரண்டி நீராகாரம், சோறும் நீருமாக, கடித்துக்கொள்ள இரண்டு சின்ன வெங்காயம்.

முப்பத்தோரு வருடம் உப்பளத்தில் பெட்டி எண்ணிய மனிதர் அவர். வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு இந்த ஆறு வருடமாகக் கரண்டி அவர் கையில். ஆறு வருடத்தில் பானையில் ஒரு நாளும் குறைந்தது கிடையாது, ஒரு நாளும் மிஞ்சியதும் கிடையாது. நோட்டில் ‘மீதி’ என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார். அதில் எல்லா நாளும் பூஜ்யம். கூட்டத்தில் அவர் வாயிலிருந்து எண்ணைத் தவிர வேறு எதுவும் வந்து யாரும் கேட்டதில்லை. பேச வேண்டி வந்தால் காது சிவந்துவிடும். அன்றைக்கு டிரைவருக்குக்கூட ஒன்றும் சொல்லாமல் தன் பங்கை ஊற்றிக் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.

சூசைமிக்கேல் கும்பாவை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கும்பா என்பது அந்தப் பக்கத்து வீடுகளில் ஆளுக்கு ஒன்றாக இருக்கிற வெண்கலக் கிண்ணம். இரண்டு வருடமாகத் தன் பெயரையே தெரியாமல் இருந்த கிழவர், குடித்து முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, தெளிந்த குரலில் சொல்லத் தொடங்கினார்.

“பிச்சக்கண்ணு வீட்டுல அஞ்சு பேர். சுயம்பு வீட்டுல ரெண்டு பேர், ஒருத்திக்கு வயித்துவலி, நாளைக்குச் சந்தேகம். மேலத்தெரு பேச்சி வீட்டுல நாலு பேர். தவசிலிங்கம் வீட்டுல ரெண்டு பேர்…”

இருபத்திரண்டு வீட்டையும் முந்தின நாள் சொன்ன வரிசையில், சொன்னவர்களின் இழுப்போடும் இருமலோடும் சொல்லி, கடைசியில் மருமகளின் குரலிலேயே முடித்தார்: “லூர்து வீட்டுல மூணு பேர். இந்தக் கெழவருக்கும் ஒரு கரண்டி, அதுவும் சிந்தத்தான் போவுது.”

லூர்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண்கள் ஏழு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருத்தியும் கவனித்தது, தனக்கும் இருபத்திரண்டு வீட்டுக் கணக்கும் மனப்பாடம் செய்யாமலே தெரிகிறது என்பதை. டிரைவரும் போகிற வழியெல்லாம் வெள்ளப்பாத்தியில் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று கிளீனரிடம் சொல்லிக்கொண்டே போனாராம். விளக்கு வைத்ததும், அந்த ஞாபகமெல்லாம் புளிப்பு இறங்குவதுபோல இறங்கிப் போய்விட்டது.

அன்று மாலை லூர்தம்மாள் சோற்றைப் போட்டுவிட்டுப் பானைக்குள் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள். “லூர்து வீட்டுல மூணு பேர். மாமா, ஒங்க பேரு சூசைமிக்கேல். ஒங்களுக்கு ரெண்டு மகன், நான் மூத்தவனுக்கு வாக்கப்பட்டவ. ஒங்களுக்கு வாள மீன் கருவாடு பிடிக்கும். ராத்திரி எந்திரிச்சா கதவு வலப்பக்கம்.” மறுநாள் காலை கிழவர் குடித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்து, “ஏ லூர்து, வாளக் கருவாடு இல்லையாக்கும்? வெங்காயத்தக் காட்டி ஏமாத்துதியோ?” என்றார். லூர்தம்மாள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளப்பாத்தி முழுக்க அறுபத்து மூன்று பேருக்கும் அன்றைக்குப் பகல் முழுவதும் வாளைக் கருவாட்டு ஆசை இருந்தது.

அதற்குப் பிறகு விளக்கு வைக்கிற நேரம் நீண்டுபோயிற்று. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயிலை நாற்பது வருடம் பார்த்த கண்களுக்குப் பின்னால் ஞாபகமும் கூசிப்போன கிழவர் கிழவிகள் அந்தக் குடியிருப்பில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு வீட்டாரும் தினமும் வந்து சொன்னார்கள். அது ஒரு நாளைக்குத்தான் தாங்கும், மறுநாள் திரும்பச் சொல்ல வேண்டும், சொன்னால் மட்டும்தான் உண்டு, சொல்லாதது கிடையாது. நான்கு பேருக்காகச் சொன்னது அறுபத்து மூன்று பேருக்கும் போய்ச் சேர்ந்ததால், யாருடைய அப்பா எந்தத் தங்கைக்காக எந்தக் கிணற்றில் இறங்கினார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டே ஆண்கள் யாரோ ஒரு கிழவியின் கல்யாணப் புடவைக் கரையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

டியூஷன் வாத்தியார் ஒருவர் பரீட்சைக்கு முந்தின மாலை ஆறு பிள்ளைகளைக் கூட்டிவந்து கணக்குச் சூத்திரங்களைப் பானைக்குள் வாசிக்க வைத்தார். மறுநாள் பெட்டி சுமக்கிற பெண்கள் உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டில் ஏறும்போது ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்று சொல்லிச் சொல்லி ஏறினார்கள். தேர்தல் நேரத்தில் பிச்சைக்கண்ணு தன் பேச்சைப் பதினைந்து நிமிடம் பானைக்குள் பேசினார். அடுத்த நாள் ஊரே விக்கல்போல அந்தப் பேச்சைச் சுமந்து திரிந்து, சாயங்காலம் போய் அவர் வீட்டுமுன் நின்றது. அதற்கடுத்து ஒருத்தி இன்னொரு வீட்டுக் கல்யாணப் பேச்சை உள்ளே சொல்லி வைக்க, கலகமாகிப்போய், கூட்டம் போட்டு ஒரு சட்டம் வைத்தார்கள்: அவரவர் வீட்டுச் செய்தியை அவரவர் வீட்டார் மட்டும்தான் பானையில் சொல்ல வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஷமீலா வந்து ஒரு கும்பா வாங்கிக் குடித்துப் பார்த்தார். “புளிச்ச சோத்துல கண்ணுக்குத் தெரியாத உயிர் நிறைய வளருது. அது செய்யுற சத்து மூளைக்கும் நல்லதா இருக்கலாம்னு ஆராய்ச்சி நடக்குது. உறுதியா இன்னும் யாரும் சொல்லல” என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, ஒரு பாட்டிலில் சோறும் தண்ணீரும் போட்டுத் தன் ஊரில் புளிக்கவைத்துச் சோதனைக்கு அனுப்பினார். புளிப்பும் கொஞ்சம் சத்தும் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது.

“அந்தப் பாட்டிலுக்கு யாரும் பேச்சுக் குடுத்தாவளா?” என்று கேட்டான் சுயம்பு.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, “அதை எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு தெரியலையே” என்றார். போகும்போது, “குடிங்க. உப்பு மட்டும் கம்மியாப் போடுங்க” என்று உப்பளத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தவசிலிங்கமும் சொன்னார். எல்லாரும் சொல்லிவிட்டுப் போன பிறகு, கொட்டகையில் ஆள் இல்லாத சமயம் பார்த்து, பானைக்குள் குனிந்து மெதுவாகச் சொல்வார்: “ஆவுடைக்கனி. ஒன் வீட்டுக்காரன் பேரு தவசிலிங்கம். நமக்குக் கல்யாணம் திருச்செந்தூர்ல. அன்னைக்கு மழ. ஒனக்கு எடது காதுல கொஞ்சம் மந்தம். அடுப்பு பின்கட்டுல. அரிசிப் பானைக்கு மேல ஒன் கண்ணாடி.” மொத்தம் நாற்பத்தேழு செய்தி. ஒன்றும் கூடாமல் ஒன்றும் குறையாமல் தினமும் சொன்னார். அதற்கு முன் எட்டு மாதமாக அவரை யாரோ உப்பள அதிகாரி என்று நினைத்து “மேஸ்திரி, ஒக்காருங்க” என்று மரியாதையாக எழுந்து நின்ற ஆவுடைக்கனி, இப்போது, “ஏங்க, சட்டையக் கழத்திப் போடுங்க, நாறுது” என்றாள். அதைக் கேட்கத் தவசிலிங்கம் தினமும் அதே சட்டையைப் போட்டார்.

ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவள் மூன்று கும்பா எடுத்து வைத்தாள்.

மறந்திருந்த நாட்களிலும் வைத்தாள், ஞாபகம் வந்த நாட்களிலும் வைத்தாள். ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு, மூன்றாவது, விளிம்பில் சின்ன நெளிசல் உள்ளது, கதவுப் பக்கமாக. வைத்துவிட்டு அதையே பார்ப்பாள்.

“இது யாருக்குங்க?”

“சும்மா வெச்சிருக்க.”

“நான் சும்மா ஒண்ணும் வைக்க மாட்டேனே.”

அவருக்குத் தெரியும் யாருக்கு என்று. அது மகள் பவளக்கொடியின் கும்பா. பத்தொன்பது வருடத்துக்கு முன் அவளும் லூர்தம்மாளும் ஒரே வரிசையில் பெட்டி சுமந்தார்கள். தவசிலிங்கம் தட்டுமேட்டில் நின்று, ஒரு பெட்டி கடந்தால் வேட்டி மடியிலிருந்து ஒரு சிப்பியை எடுத்துச் சுமந்தவளின் டப்பாவில் போடுவார். ஒரு நாள் முடிவில் எல்லாருக்கும் சேர்த்து நானூற்று ஒன்பது என்றார். லூர்தம்மாளுக்கு மூன்று நடை குறைந்தது. எண்ணிக்கை குறைந்தவளுக்கு அந்தப் பருவம் முழுக்க வேலை கிடையாது. அப்போது பவளக்கொடி எல்லார் முன்னிலும் வந்து நின்று, “அப்பா, நானூத்திப் பன்னெண்டு. நானும் எண்ணிக்கிட்டேதான் வந்தேன். திருப்பி எண்ணுங்க” என்றாள். அவர் திருப்பி எண்ணவில்லை. அவர் எண்ணியதை அதுவரை யாரும் திருப்பி எண்ணச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும், என் கணக்கைத் தப்பு என்று சொன்னவளுக்கு என் வீட்டில் சோறு கிடையாது, அவள் பேரை இனி இங்கே யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வேட்டியை அவிழ்த்து உதறினார். டப்பாவில் விழாமல் மடிச் சுருக்கத்தில் சிக்கியிருந்த மூன்று சிப்பிகள் தரையில் விழுந்தன. மறுநாள் அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியபோது மூன்றும் அவர் உள்ளங்கையில் இருந்தன. கையை அவர் திறக்கவில்லை.

இப்போது அவை ஒரு மாத்திரை டப்பாவில், உத்தரத்து இடுக்கில். அவர் சொன்ன நாற்பத்தேழு செய்தியில் அவையும் இல்லை, அவளும் இல்லை. அவளைச் சொன்னால் அவள் போன காரணத்தையும் சொல்ல வேண்டும். அதை அறுபத்து மூன்று பேர் குடிப்பார்கள். அவர் எண்ணிக்கையை நம்பி வாழ்ந்த அறுபத்து மூன்று பேர்.

ஒரு நாள் சோறு போட வந்த லூர்தம்மாள் நேராகவே கேட்டாள். “அண்ணாச்சி, மதினி மூணு கும்பா வெக்காங்களாமே.”

தவசிலிங்கம் சிப்பிகளைச் சரிசெய்தார்.

“சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நான் வாயத் தெறக்காம இருக்கேன். ஒங்க வீட்டுச் செய்தி, நீங்கதான் சொல்லணும். ஆனா ஒண்ணு. எங்க மாமாவுக்கு நான் அவரு என்ன அடிச்சதையும் சொல்லிருக்கேன். முழுசாச் சொன்னாத்தான் மனுசன் முழுசா வாராரு.”

அவர் காது சிவந்தது. “மூணு பேர்தானே?” என்றார்.

“மூணு பேர்தான்” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

புதன்கிழமை காலை ஆவுடைக்கனி தன் பங்கைக் குடிக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துவந்து மூன்றாவது கும்பாவில் ஊற்றி, தட்டால் மூடி, கதவுப் பக்கம் வைத்தாள்.

“குடி ஆவுட. குடிக்கலைன்னா மறந்துரும்.”

“மறக்கட்டும். நீங்க சொல்லுததெல்லாம் எனக்கு வருது, மழ வருது, கண்ணாடி வருது, எல்லாத்துக்கும் நடுவுல ஒரு ஆளு நின்ன எடம் காலியா இருக்கு. நீங்க அதச் சுத்திச் சுத்தி நடக்கீங்க. என்கிட்டருந்து என்னத்தையோ எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கீங்க. பாதி எனக்கு வேண்டாம்.”

அன்று விளக்கு வைத்ததும் அவள் பேச்சு குறைந்தது. வியாழக்கிழமையும் அவள் குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அடுப்பு எங்கே என்று தேடினாள். சனிக்கிழமை அவர் உள்ளே வந்ததும் மெல்ல எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “மேஸ்திரி, ஒக்காருங்க” என்றாள். மூன்றாவது கும்பாவில் நான்கு நாள் நீராகாரம் புளித்து நுரைத்து நின்றது. அவர் அதே நாற்றச் சட்டையோடு நின்றார். அதைக் கழற்றச் சொல்ல ஆள் இல்லை. பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, உத்தரத்து இடுக்கில் கையை விட்டார்.

அன்று மாலை கொட்டகையில் இருபத்தொரு வீட்டாரும் சொல்லி முடித்தார்கள். வழக்கமாக எல்லாரும் போன பிறகு சொல்கிற தவசிலிங்கம், “கொஞ்சம் நில்லுங்க” என்றார். இரண்டே சொல். அதற்கே சுயம்புவின் ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது. ஆவுடைக்கனி சாக்குமூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் பானைக்குள் குனிந்தார். அறுபத்தெட்டு வயதில் அவ்வளவு பேர் முன்னால் தன் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது. பானை அதை வாங்கி, உருட்டி, பெரிதாக்கி, கொட்டகைக் கூரைவரைக்கும் ஏற்றிக் கொடுத்தது.

“தவசிலிங்கம் வீட்டுல…”

எல்லார் வாயும் ‘ரெண்டு’ என்று தயாராக இருந்தது.

“மூணு பேர். மூணாவது ஆளு என் மக. பேரு பவளக்கொடி. புரட்டாசி மாசம் பொறந்தா. பொறக்கும்போது ரெண்டே முக்கால் கிலோ. இட்லிக்குச் சீனி தொட்டுத் திம்பா. அவ கும்பா விளிம்பு நெளிஞ்சிருக்கு, ஏழு வயசுல அவ அதால நாயை எறிஞ்சா. நான் எண்ணுதத விட வேகமா எண்ணுவா.” அங்கே நின்றார். மூச்சு பானைக்குள் போய்த் திரும்பிவந்து முகத்தில் பட்டது. “பத்தொம்பது வருசத்துக்கு முந்தி ஒரு நாள் நான் நானூத்தி ஒம்பதுன்னு சொன்னேன். அது தப்பு. நானூத்திப் பன்னெண்டு. லூர்தம்மா மூணு நடையும் நடந்தா. சிப்பி என் மடியில மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்குச் சாயந்திரமே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் என் மகளப் போக விட்டேன். என் மக சொன்ன கணக்குதான் சரி.”

அவர் நிமிர்ந்து மூன்று சிப்பிகளையும் மூடியின் மேல் வைத்தார். பத்தொன்பது வருடத்தில் அவை மஞ்சளாகியிருந்தன.

சுயம்புதான் முதலில், “அப்போ மத்த நாளு கணக்கெல்லாம் சரிதானா அண்ணாச்சி, இல்ல வேட்டிய ஒதறிப் பாக்கணுமா?” என்றான். பிச்சைக்கண்ணு அவன் முதுகில் ஒன்று வைத்தார். ஆனால் இறுகியிருந்தது எதுவோ அதில் விட்டுப்போயிற்று.

லூர்தம்மாள் முன்னால் வந்தாள். அவளுக்கு வேலை போன அந்த வருடம் நாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு அளத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. கோபமாகத்தான் வருகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் சிப்பிகளை எண்ணுவதுபோலத் தொட்டாள்.

“அண்ணாச்சி, நீங்க நானூத்தி ஒம்பதுன்னு சொன்ன பெறகு நான் நடந்த மூணு நடை எனக்கே மறந்துட்டு. பவளம் எனக்காகக் கத்துதா, நான் பக்கத்துல நின்னுக்கிட்டு, நாமதான் நடக்கலையோ, சும்மா நின்னுட்டமோன்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேன். ஒங்க கணக்கு அப்பிடி. ஊர்ல யாருக்கும் தன் ஞாபகத்த விட ஒங்க கணக்குமேல நம்பிக்கை.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “சரி. இப்ப எங்க வீட்டுச் செய்தி ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுப் போன்ல நடந்தது, அதனால சட்டத்துக்கு உட்பட்டதுதான்.”

அவளும் பானைக்குள் குனிந்தாள். “மதினி, பவளம் மரக்காணத்து உப்பளத்துல இருக்கா. அங்க பெட்டி எண்ணுதது அவதான். பதினேழு வருசமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க அவகூடப் பேசினீங்க, மொதல்ல பூத்துல, பெறகு என் போன்ல. அண்ணாச்சி பேரக் கேட்டா ஒங்களுக்குச் சிரிப்பு வரும், ஏமாத்திட்டமேன்னு. ரெண்டு வருசம் முந்தி நீங்க, ‘யாரு பேசுதது’ன்னு அவகிட்டயே கேட்டீங்க. அதுக்குப் பெறகு அவ என்கிட்டதான் பேசுதா. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேப்பா. அப்பா திருப்பி எண்ணிட்டாவளான்னு.”

தவசிலிங்கம் வாய்க்குள் பெருக்கிப் பார்த்தார். பதினேழு வருடம், வருடத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு. அவர் மனைவி வாயாலேயே, அவர் எண்ணாமல், எண்ணூற்று எண்பத்து நான்கு முறை அந்தப் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. அவர் மடியிலிருந்து ஒரு சிப்பி எடுத்தார், அறுபத்து நான்காவது சிப்பி. ஒரு செம்புத் தண்ணீர் கூட ஊற்றினார். மூடினார். கல்லை வைத்தார்.

விடியற்காலையில், வரிசை வழக்கத்தை விட அமைதியாக இருந்தது. முதல் கரண்டியைத் தவசிலிங்கம் ஆவுடைக்கனிக்கு ஊற்றினார். அவள் அதை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்கத் திரும்பினாள், நெளிசல் கும்பாவில் ஊற்ற. அவர் முந்திப்போய் வழியில் நின்றார். நெளிசல் கும்பா, கழுவித் துடைத்து, அவர் கையிலேயே இருந்தது.

“இது அவ கும்பா. அவ பங்கு பானையில தனியா இருக்கு. இது ஒன் பங்கு. குடி.”

“மேஸ்திரி சொன்னாச் சரிதான்” என்று அவள் குடித்தாள்.

அவர் அடுத்த ஆளுக்கு ஊற்றினார், அதற்கடுத்த ஆளுக்கு ஊற்றினார். அவள் பேசாமல் இருந்துவிடுவாள் என்று நினைத்தார். பேசாமல் இருக்க அவளுக்குக் காரணம் உண்டு. பதினோராவது கரண்டி ஊற்றும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“மூணு சிப்பிக்கா?”

அவர் பன்னிரண்டாவது கரண்டியை முகர்ந்தார்.

“மூணு சிப்பிக்காகவா பத்தொம்பது வருசம் என் பிள்ளைய ஞாயித்துக்கிழமையில மட்டும் வெச்சிருந்தீங்க?”

“ஆமா.”

“ஒங்ககிட்டப் பேச வேண்டியத நான் அப்புறமாப் பேசிக்கிடுதேன். மொதல்ல அந்தச் சட்டையக் கழத்துங்க, நாறுது. ஏ லூர்து, ஒன் போன எடு.”

குடித்தவர்கள் யாரும் பாத்திக்குப் போகவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பெண் வந்து கண்ணில் நின்றாள், நாய்மேல் கும்பா எறிகிறவள், சீனி தொட்டு இட்லி தின்கிறவள். சூசைமிக்கேல், “அந்தப் புள்ள என் தொப்பியில ஒரு நாள் நண்டு விட்டுச்சு” என்றார். அது பானையில் யாரும் சொல்லாதது. சுயம்பு, தன் ஆட்டின் பாட்டிக்குப் பெயர் வைத்ததே அவள்தான் என்று சத்தியம் செய்தான். லூர்தம்மாள் எண்ணைத் தேடிக்கொண்டே திடீரென்று நின்று, பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். “மூணாவது நடையில எனக்குக் கால்ல கிளிஞ்சல் குத்துச்சு. ரத்தம் வந்துச்சு. நான் நடந்தேன். எனக்கு ஞாபகம் வருது, நான் நடந்தேன்” என்றாள்.

போன் மணி இரண்டு முறை அடித்தது. ஆவுடைக்கனி இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“எட்டி, அம்மா பேசுதேன்.” போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். “அம்மாதாம்ட்டி. தெரிஞ்சுதான் பேசுதேன். இன்னைக்குச் சாயந்திரம்வரைக்கும் தெரியும், அதுக்குள்ள பேசு.”

வெகுநேரம் அழுகை கேட்டது. பிறகு கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி போனிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “அப்பா எத்தனன்னு சொன்னாவ?”

ஆவுடைக்கனி போனை அவரிடம் நீட்டினாள். அவருக்குக் காது சிவந்தது. கரண்டியை மாற்றுக் கையில் பிடித்துக்கொண்டு, பானைக்குள் குனிவதுபோலப் போனுக்குக் குனிந்தார்.

“நானூத்திப் பன்னெண்டும்மா.”

மரக்காணத்தில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. அதற்குள்ளே யாரோ பெட்டி கொட்டுகிற சத்தமும், அதை எண்ணுகிற ஒரு பெண்குரலும் கேட்டன. எண்ணிக்கையை விடாமலே அவள் அழுதிருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

“புதன்கிழம காலைல பஸ் வந்து சேரும்” என்றாள் பவளக்கொடி. “எனக்கும் சேத்துத் தண்ணி ஊத்துங்க.”

“ஊத்தியாச்சு” என்றார்.

வெயில் ஏறிவிட்டது. அன்றைக்கு உப்பு வாரப் போனது ஒரு மணி நேரம் தாமதம். மீதி வரிசைக்குத் தவசிலிங்கம் ஊற்றி முடித்தார். சாயங்காலம் இதையெல்லாம் திரும்பச் சொல்ல வேண்டும், நாளைக்கும் சொல்ல வேண்டும், ஒவ்வொரு நாளும் அவ்வளவு பேர் முன்னால், நாற்பத்தேழு செய்தியோடு கூட. ஆவுடைக்கனி சாக்குமூட்டை மேல் உட்கார்ந்து, நெளிசல் கும்பாவை மடியில் வைத்து விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். “புதன் வரைக்கும் நல்லாப் புளிச்சிரும்” என்றாள். “புளிக்கட்டும்” என்றார் அவர்.

அவர் நோட்டை எடுத்தார். சிப்பி அறுபத்து நான்கு. ஊற்றியது அறுபத்து மூன்று. ஆறு வருடமாகப் பூஜ்யம் போட்ட கட்டத்தில் பென்சிலை வைத்தார். பானைக்குள் எட்டிப் பார்த்தார். கரண்டியால் அளந்து பார்த்தார். பிறகு, முதல் முறையாக, திருப்பியும் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு எழுதினார்.

மீதி: ஒரு கரண்டி.